உரைகல்லில் ஒரு மாத்திரை

1974 ஜூலை 12, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. ஓடு இரண்டு நகர்ந்துவிட்டது. தூறல் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வேலந்தாவளம் பக்கமே நின்றுவிட்டது. கொடியில் போட்ட பிள்ளைத் துணி பாதி மாட்டுக் கட்டுத்தறியில்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஹெ.மா. ஆள் அனுப்பி என் மூன்றாம் வகுப்பு அலமாரிச் சாவி கேட்டார். என்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இருக்கிறது. தேடி எடுக்கச் சோம்பல். பிரசவ லீவில் இருக்கிறவளுக்கு இந்தப் பொய்கூடச் சொல்ல உரிமை இல்லையா.

சின்னவன் பிறந்து மூன்று வாரம். பேர் இன்னும் வைக்கவில்லை. மஞ்சள் இறங்கவில்லை, கண்ணின் வெள்ளையிலும் அப்படியே. பாலுக்கு நான்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. கன்னத்தைத் தட்டி, உள்ளங்காலைச் சுரண்டி, ஈரத் துணியால் முகம் துடைத்து. நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூக்கம். கை கால் சில்லென்று. தொப்புள் துருத்திக்கொண்டு.

நங்கையா குளிப்பாட்டித் துவட்டியபடியே பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் பெருமை. "என்ற தம்பி ஊட்டுல கொளந்தைக இப்படித்தான். அளுவற சத்தமே கேக்காது. பூங்கொடியும் இப்படித்தான் இருந்தா. அத்தன நல்ல புள்ள."

நங்கையா இவருக்கு அக்கா, அம்மா இடத்தில் இருப்பவர். இவரைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் போன பிறகு இங்கேயே வந்து, வயல், மாடு, சமையல், நாங்கள் எல்லோரும் அவர் கையில். சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கேட்ட நான்தான் துண்டோடு பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

மூத்தவள் பூங்கொடி பிறந்தபோது ஊரே இதைத்தான் சொன்னது. நானும் சொன்னேன். அழாது, படுத்தாது, நல்ல பிள்ளை. ஒன்றரை வயதில் உட்கார்ந்தாள். மூன்று வயதுக்குப் பிறகு நடந்தாள். இப்போது ஐந்து முடியப் போகிறது. விரல்விட்டு எண்ணுகிற அளவு வார்த்தை. பித்தானை ஓட்டையில் நுழைக்கத் தெரியாது. நல்ல பிள்ளைதான், இன்றைக்கும். அந்தச் சொல்லை மட்டும் இந்த வீட்டில் இனி யாரும் சொல்லாதிருந்தால் போதும்.

ஜூலை 14, ஞாயிறு

மோர்க்குழம்பில் உப்பு இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு உப்பு ஆகாதாம்.

கோவை டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருக்கிறது. பூங்கொடியைக் காட்டப் போனது அவளுக்கு மூன்று வயதில். அவளைப் பார்த்து முடித்துவிட்டு, "நீ இப்படி வாம்மா" என்று என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இருப்பது அன்றுதான் எனக்கே தெரியும். அதுவரை கழுத்து தடித்தது சோற்றால் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தினமும் மாத்திரை. பூங்கொடிக்கும் ஒரு வருடம் கொடுத்தோம். கொஞ்சம் உயர்ந்தாள், தோல் மினுமினுப்பானது, பேச்சு பெரிதாக வரவில்லை. பிறகு அவள் கழுத்துச் சுரப்பி தானாகவே வேலை செய்கிறது என்று நிறுத்திவிட்டார். அன்றைக்கே சொன்னார், "அடுத்தது பொறந்தா அந்த வாரமே என்கிட்ட கொண்டாந்துரு."

அந்த வாரம் போய், பிறந்தே மூன்று வாரம் தாண்டிவிட்டது. தீட்டுக் கழியாமல் தலைவாசல் தாண்டக் கூடாதாம்.

இவரிடம் காலையில் சொன்னேன். "சித்தெ பொறு அம்மிணி, அக்காகிட்ட நான் பேசறேன்." இவர் அக்காவிடம் பேசுவது என்பது ஐந்தாண்டுத் திட்டம்.

மத்தியானம் நானே போய் நின்றேன். "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு நான் கோயமுத்தூர் போறேனுங்க நங்கையா. தலைவாசல் தாண்டக் கூடாதுன்னா வேண்டாம். பின்னாடி பொடக்காளி வழியாப் போறேன்."

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். நங்கையா முறத்தைக் கீழே வைத்து யோசித்தார்.

"பொடக்காளி வளியாப் போனா ஒண்ணுமில்ல," என்றார். "கொளந்தைக்குத் தலையில துண்டு போட்டுக் கொண்டுபோ. காத்து."

இவ்வளவுதானா! இதை முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

போய் வந்தாயிற்று. இடுப்பு கழன்றுவிட்டது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இவரும் கூட வந்தார். வேலந்தாவளத்தில் பஸ் மாறினோம். ஒரே கூட்டம், என் காலடியில் யாருடையதோ ஆட்டுக்குட்டி. செக்போஸ்டில் ஒரு மலையாளத்துப் போலீஸ்காரன் அரிசி இருக்கிறதா என்று பையைத் துழாவினான். "குட்டியா?" என்று, குழந்தையா என்ற அர்த்தத்தில் கேட்டு, துண்டை விலக்கிப் பார்த்து, சின்னவனின் மஞ்சள் முகத்தைக் கண்டு, பையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தான்.

அவனைத் தொட்டதுமே டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். முழங்காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மஞ்சளுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் என் காதில் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பத்து மாசம் முடிஞ்சு பொறந்த பிள்ளைக்கு இந்த இடத்துல எலும்பு ஒரு பொட்டு மாதிரி தெரியணும். இவனுக்கு இல்ல. வயித்துக்குள்ளேயே சுரப்பி மந்தமாயிடுச்சு."

எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். வெளியிலிருந்து கிருமி வந்தால் எதிர்த்து நிற்க நம் ரத்தத்தில் ஒன்று உண்டாகும். அம்மை குத்தினால் உண்டாவது அதுதான். என் உடம்பில் அது தவறிப் போய், என் கழுத்துச் சுரப்பியையே வேண்டாத சாமான் என்று நினைத்து எதிர்க்கிறது. அதே பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய் அவன் சுரப்பியையும் அமுக்கிவிடுகிறது. அந்தச் சுரப்பு இல்லாமல் மூளை சரியாக வளராது. வளர வேண்டிய மாதங்களில் வளர்ந்தால்தான் உண்டு.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேம்மா. இப்பத்தான் இதைப் பத்தி யோசிக்கவே ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா மூத்தவளுக்கும் இப்படி, இவனுக்கும் இப்படி, உனக்குக் கழுத்துல வியாதி. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்புறேன். பதில் வர ஒரு மாசம் ஆகும். அதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. இன்னைக்கே மருந்து."

என் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமாக் கொடு. பால் ஒண்ணும் பண்ணாது."

அது ஒன்றுதான் நிம்மதி. மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நாளுக்கு ஒன்று, நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்து. பத்து நாளில் அவனே பாலுக்கு விழித்துக்கொள்வான் என்றார்.

பத்து மாதம் முருங்கைக்கீரை, குங்குமப்பூ, எள்ளு என்று எதை எதையோ அவனுக்காகத் தின்றேன். ரத்தம் அது பாட்டுக்கு வேறு ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் அழுதேன். இவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஆட்டுக்குட்டி விலை விசாரிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 16, செவ்வாய்

நங்கையாவிடம் எல்லாம் சொன்னேன். என் ரத்தத்தில் இருப்பது அவனுக்கு இறங்கியது என்றதும், "ச்சே, பெத்தவ ரத்தம் புள்ளைக்கு ஆகாமப் போகுமா? எவளோ கண்ணு வெச்சுட்டா" என்றார். மாத்திரையைப் பார்த்து இன்னும் கலக்கம். "பச்ச மண்ணுக்கு இங்கிலீசு மருந்தா?"

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தினமும் குளிப்பாட்டியதும் உரை மருந்து கொடுக்கிறார். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் உரைகல்லில் என் பால் விட்டு இழைத்துச் சங்கில் வழித்து ஊற்றுவது. "அதோட இதையும் சேத்து உரசி ஊத்தறேன். என்ற கையால. நீ தொடாத."

எனக்கும் அது சரியென்று பட்டது. நங்கையா கைக்குப் போன வேலை தவறாது. அந்த நேரத்தில் எனக்கும் வெந்நீர்க் குளியல் நடக்கும், நான் பக்கத்தில் இருக்க முடியாது. பாலைச் சங்கில் பீய்ச்சி வைத்துவிட்டு, மாத்திரைப் புட்டியைக் கொடுத்தேன். இதையும் சேர்த்து உரசி ஊத்துங்க என்றேன்.

வாங்க வேண்டியவை: சாம்பிராணி, திரி, பூங்கொடிக்குப் பாவாடை நாடா, இவருக்குச் சவர பிளேடு.

ஜூலை 24, புதன்

ஆடி பிறந்து ஒரு வாரம். காற்றுக்கு வாழை இரண்டு சாய்ந்தது. நாற்று நட்டு முடிந்தது, இவர் கால் முழுக்கச் சேற்றுப்புண்.

சின்னவன் அப்படியே. டாக்டரம்மா சொன்ன பத்து நாள் நாளையோடு. மஞ்சள் ஒரு பிடி குறைந்தது போல எனக்குத் தோன்றும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் இல்லை. கன்னத்தைத் தட்டித்தான் பால்.

"மருந்து ஊத்தினீங்களா நங்கையா?"

"ஒரு நாள் உட்டனா?"

விடவில்லை. காலையில் உரைகல் சத்தம் எனக்கே கேட்கிறது.

அப்படியானால் மருந்து பிடிக்கவில்லை. அல்லது டாக்டரம்மா நினைத்தது தவறு. அல்லது தாமதமாகிவிட்டது. மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துக் கொண்டிருக்கிறேன். பூங்கொடி தொட்டில் பக்கம் வந்து நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சும்மா பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி அப்படியே இருந்தன. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளைகளைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாளா. பயந்தேன்.

ஜூலை 29, திங்கள்

பூங்கொடிக்கு வாய்ப்புண். நாக்கை நீட்டி நீட்டிக் காட்டி அழுகை. மாசிக்காய் இழைத்துத் தடவலாம் என்று நங்கையாவின் உரை மருந்துச் சம்படத்தைத் திறந்தேன். நங்கையா களையெடுக்கும் ஆட்களோடு வயலில்.

வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய். நடுவில் ஒரு வெள்ளைத் துணுக்கு. பிள்ளைகளின் பலகைக் குச்சி உடைந்தது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் மாத்திரை. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்து, மற்றபடி முழுசாக. புட்டியைத் திறந்தேன். வாங்கி வந்த அன்று இருந்தது போலவே நிறைந்து இருந்தது.

மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருந்தேன்.

நங்கையா வந்ததும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இது என்னங்க?"

"உன்ற மாத்தரைதான். ஏன்?"

"அன்னைக்குக் கொடுத்ததுல எடுத்ததா?"

"ஆமா. இன்னும் ரெண்டு மாசத்துக்கு வரும்." முகத்தில் பெருமை. சாமான் வீணாகாமல் குடித்தனம் பண்ணுகிறவரின் பெருமை.

அப்புறம் என் முகத்தைப் பார்த்தார் போல. குரல் இறங்கிவிட்டது. "வசம்புன்னா கல்லுல ரெண்டு இளைப்பு, கடுக்காய்னா ரெண்டு இளைப்பு. கூடப் போனா கொளந்தை தாங்காது. இது வேற இங்கிலீசு மருந்து, காட்டமா இருக்குமேன்னு ஒரே இளைப்புல எடுத்தர்றேன். உரை மருந்த யாராச்சு முளுசாக் கரைச்சு ஊத்துவாங்களா அம்மிணி?"

ஊற்ற மாட்டார்கள். எந்த வீட்டிலும் ஊற்ற மாட்டார்கள். ஒரு கடுக்காய் மூன்று பிள்ளைக்கு வரும்.

"இது முழுசு கொடுக்கணுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு."

"தப்பாப் போச்சா?"

"ஆமாங்க."

இரண்டு கரண்டிக்கு நடுவில் ஒரு மாத்திரையை வைத்து நசுக்கினேன். அவசரத்தில் பாதி மாவு பாயில் கொட்டியது. இன்னொன்று எடுத்தேன். நங்கையா சங்கைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவன் முழுங்கி முடிக்கும்வரை இருவரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோபம் இருக்கிறது. கொஞ்சமல்ல. நங்கையா மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இந்த வீட்டில் அவனுக்காக ஒரு நாளும் தவறாமல் ஒரு வேலை செய்தவர் அவர்தான். போன இரண்டு வாரத்தை யாரிடம் போய்க் கேட்பது.

ஜூலை 30, செவ்வாய்

மறுபடி கோவை. செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்குப் புறப்படாதவர், நங்கையா, எனக்கு முன்னால் குளித்துச் சேலை மாற்றி நின்றார். "நானே டாக்டரம்மாகிட்டச் சொல்றேன். நீ சொன்னா என்னயக் காப்பாத்திச் சொல்லுவே." இவர் வயலுக்கு, நாங்கள் மூன்று பெண்களும் சின்னவனும் பஸ்ஸுக்கு. பூங்கொடிக்கு ஜன்னல் சீட்.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டியும் நங்கையா உட்காராமல், நின்றுகொண்டே எல்லாம் சொன்னார். இரண்டு இழைப்பு, ஒரு இழைப்பு, எல்லாம். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எழுதிக் கொடுத்த எனக்கு நசுக்கிக் காட்டத் தோணல," என்றார். "போனது போகட்டும். மூத்தவ மூணு வயசுல வந்தா. இவன் ரெண்டு மாசம் ஆகறதுக்குள்ள வந்திருக்கான். இன்னைக்கு இருந்து ஒழுங்காக் கொடுத்தா நல்லா வர வாய்ப்பு நிறைய இருக்கு. எடை ஏறுறதை நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணை மட்டும் பாருங்க. மனுஷ முகத்தைப் பாத்து எப்பச் சிரிக்கிறான்னு வந்து சொல்லுங்க. தூக்கத்துல சிரிக்கிறது கணக்கில்ல."

"ஏனுங்க டாக்டரம்மா, இந்த மாத்தரை இவனுக்கு ஆயுசுக்குமா?" நங்கையா.

"வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன். அம்மாகிட்டேருந்து வந்தது கொஞ்ச மாசத்துல தானாவே கரைஞ்சு போயிடும். அப்புறம் அவன் சுரப்பியே எழுந்துக்கும். அது வரைக்கும் நாம முட்டுக் கொடுக்கணும்."

புறப்பட்டுப் பாதி வாசல் வரை போன நங்கையா திரும்பினார்.

"அப்ப பெரியவளுக்கும் அப்படித்தான் கரைஞ்சிருக்குமுங்களா?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கும்."

"அவளுக்கும் அந்தக் கொஞ்ச மாசந்தானுங்களா?"

டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார். "ஆமா. அந்த மாசங்கள்தான்."

நானும் இதை ஒரு முறை மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்தியிருக்கிறேன். நங்கையா முழுசாகக் கேட்டுவிட்டார். சில மாதம் ஒரு கடுகளவு மாத்திரை. அவ்வளவுதான் என் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது. யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருப்போம்.

திரும்பும்போது நங்கையா பூங்கொடியை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து வயதுப் பெண், கால் முன்சீட்டில் இடிக்கிறது. இறக்கிவிடுங்கள், கால் மரத்துப்போகும் என்றேன். கேட்கவில்லை. செக்போஸ்ட் வரை அப்படியேதான். அங்கே ஒரு கட்டு முறுக்கு வாங்கி முழுவதையும் அவள் கையில் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆடிப்பெருக்கன்று பேர் வைத்தோம். செந்தில். இவர் வாயில் இன்னும் நுழையவில்லை, "டேய் சின்னவனே"தான்.

மஞ்சள் போய்விட்டது. நிஜமாகவே, வெயிலில் பார்த்தும். மலம் தினமும். பாலுக்குத் தானாக விழிக்கிறான். நேற்று நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரு வறட்டுக் கத்தல். கன்றுக்குட்டி என்று நினைத்தேன். நங்கையா உள்ளேயிருந்து, "ஏ அம்மிணி, உன்ற மகன் கூப்புடறான், ஓடியா" என்றார். இத்தனை மரியாதையாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

மாத்திரை இப்போதும் நங்கையா கையால்தான். என் வழியில் அல்ல, உரைகல்லிலேயே. ஆனால் முழுசாக மாவாகும்வரை அரைத்து, பால் விட்டு வழித்து, மறுபடி பால் விட்டுக் கல்லைக் கழுவி அதையும் ஊற்றுகிறார். நேற்று ராசம்மாள், இத்தனையுமா என்று கேட்டுவிட்டாள். "ஆமா, இத்தனையும்தான். மத்ததெல்லாம் இளைப்பு. இது மட்டும் முளுசு. உன்ற மருமகளுக்குக் களுத்து தடிச்சிருக்குதே, கூட்டிட்டுப் போய்க் காட்டு." ராசம்மாள் முகம் தொங்கிப் போயிற்று.

சிரிப்பு இல்லை. தூக்கத்தில் வாயைக் கோணுகிறான், அது கணக்கில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஹெ.மா.வுக்குச் சாவி கொடுத்தனுப்பினேன். "கிடைத்தது" என்று.

ஹெல்த் சென்டர் நர்ஸ் வந்து எடை பார்த்தாள். ஏறியிருக்கிறது. "குட்டி சிரிச்சோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சிரிக்கும், சிரிக்கும் என்றாள். அது அவளுக்கு வாய்ப்பாடு.

வீடே கூத்துக்கொட்டகை ஆகிவிட்டது. இவர் சேவல் போலக் கூவிக் காட்டுகிறார், கட்டுத்தறியில் மாடு மிரள்கிறது. நான் பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் பாடித் தீர்த்தாயிற்று. சின்னவன் கணக்குப் பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரிப் பார்க்கிறான். பார்க்கிறான், அதுவே பெரிது. ஆனால் முகத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்க்கிறானோ என்று ஒரு சந்தேகம். பூங்கொடி அப்படித்தான் பார்ப்பாள், ரொம்ப நாள்.

ரத்தப் பரிசோதனை முடிவும் வரவில்லை. வந்தால் மட்டும் என்ன, அவன் சிரிப்பானா மாட்டானா என்று அதில் இருக்காது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நல்ல வெயில். நெல் புழுங்கல் போட்டோம். இவர் வயலில். நங்கையாவும் நானும் முற்றத்தில் நெல் கிளறிக்கொண்டு.

பூங்கொடி உள்ளேயிருந்து வந்து என் முந்தானையை இழுத்தாள். முகம் கவலையாக. "பல்லு," என்றாள்.

"பல்லு வலிக்குதா கண்ணு? ஆ காட்டு."

இல்லை என்று தலையை ஆட்டினாள். கையை நீட்டி வீட்டுக்குள் காட்டினாள். "பாப்பா. பல்லு இல்ல."

அவன் வாயில் விரலை விட்டிருக்கிறாள் என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. "வாயில கை வெக்கக் கூடாதுன்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்!" என்று எழுந்தேன். நங்கையாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு அம்மிணி. அவன் வாயைத் தொறக்காம இவ எப்படிப் பாத்தா?"

நெல்லை அப்படியே போட்டுவிட்டு இருவரும் கதவோரம் வந்து நின்றோம். பூங்கொடி எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் தொட்டிலுக்குப் போனாள். கயிற்றைப் பிடித்து எட்டிக் குனிந்தாள். பாடவில்லை, கூவவில்லை. முகத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினாள்.

சிரித்தான். வாய் முழுக்க, ஈறு தெரிய, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு.

பூங்கொடி திரும்பி எங்களைப் பார்த்தாள். சொன்னேன் அல்லவா என்று. "பல்லு இல்ல."

"இல்லடி கண்ணு, இல்ல," என்றார் நங்கையா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே கிட்டப் போய்க் குனிந்தேன். என்னைப் பார்த்தான், அதே இன்ஸ்பெக்டர் முகத்தோடு. சிரிப்பு இல்லை. பூங்கொடி என்னை இடுப்பில் தள்ளி நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன் முகத்தை வைத்தாள். மறுபடி சிரித்தான்.